விருப்பப் பட்டியலின் முதல் வரியில் எந்தக் கல்லூரி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு மூன்று விதமான போன் வரும். மார்க் எவ்வளவு என்று கேட்பவர்கள், எந்த காலேஜ் என்று கேட்பவர்கள், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சீட் வாங்கித் தருவார்" என்பவர்கள். முதல் இரண்டு வகைக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லிச் சமாளித்துவிடலாம். மூன்றாம் வகை ஆளிடம் பிள்ளையின் லாகின் விவரத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

இந்தப் பதிவு தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையை, அதாவது டி.என்.இ.ஏ. கலந்தாய்வைப் பற்றியது. அதில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளின் வீடுகள்கூட சறுக்குகிற இடம் சாய்ஸ் ஃபில்லிங். கல்லூரிகளை எந்த வரிசையில் எழுதுவது என்கிற அந்தக் கடைசி வேலையில், "கிடைக்கக்கூடியதை மேலே போடு" என்று பெற்றோர் சொல்லும் அறிவுரைதான் பல பிள்ளைகளின் சீட்டைக் கெடுக்கிறது. பிள்ளைக்கு எது அதிகம் வேண்டுமோ அது மேலே இருக்க வேண்டும். கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கு, பட்டியல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கலாம். வரிசையைத் தீர்மானிக்கக் கூடாது.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிட வேண்டும். 2017 வரை கலந்தாய்வு நேரில் நடந்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குக் குடும்பத்தோடு போய், திரையில் மிச்சமிருக்கும் இடங்களைப் பார்த்து, உள்ளே கணினி முன் உட்கார்ந்து, இருப்பதில் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு வெளியே வருவோம். அங்கே கண்ணுக்குத் தெரிகிற இடத்தைச் சட்டென்று பிடிப்பதுதான் சாமர்த்தியம். 2018-இல் எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இப்போது எந்த இடம் நம் முறை வரும்போது மிச்சம் இருக்கும் என்று தெரியாமலேயே பட்டியல் கொடுக்கிறோம். ஆனால் அத்தையும் சித்தப்பாவும் தரும் யோசனை இன்னும் அந்தப் பழைய ஹாலிலேயே நிற்கிறது.

முதலில் கணக்கு. தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு. கணித மார்க் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக 50-க்கு. கணிதம் 92, இயற்பியல் 87, வேதியியல் 90 என்றால் 92 + 43.5 + 45 = 180.5. கணிதத்தில் ஒரு மார்க் கூடினால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று கூடும். மற்ற இரண்டிலும் அரைதான். விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீடு கேட்பதா என்று யோசிக்கிற வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது கணிதத் தாள். நகல் வாங்கினால்தான் அடுத்து மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும், அதற்கான நாட்களும் குறைவு. ரிசல்ட் வந்த வாரமே முடிவெடுத்துவிடுங்கள்.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு நார்மலைசேஷன் என்று ஒன்று உண்டு. அந்தந்த போர்டில் ஒரு பாடத்தில் எடுக்கப்பட்ட அதிகபட்ச மார்க்கை, மாநில போர்டின் அதிகபட்ச மார்க்குக்குச் சமமாக வைத்து மற்றதைச் சரிக்கட்டும் முறை. இரண்டு பக்கமும் யாரோ ஒருவர் 100 எடுத்திருந்தால் எதுவும் மாறாது. இதனால் பத்து மார்க் ஏறும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

இருவருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் கணித மார்க், பிறகு இயற்பியல் என்று ஒப்பிட்டுக்கொண்டே போய், அதிலும் சமம் என்றால் வயதில் மூத்தவர் முன்னால் வருவார். அதுவும் சமமாக இருந்தால்தான் கணினி குலுக்கித் தரும் ரேண்டம் எண். பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. ஆண்டுதோறும் ரேண்டம் எண் வெளியாகும் நாளில் வாட்ஸ்அப் குரூப்புகளில் எழும் பரபரப்பைப் பார்த்தால், அது லாட்டரிச் சீட்டு என்று தோன்றும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த எண் எதற்கும் பயன்படாமலேயே போய்விடும்.

சான்றிதழ் வேலையை ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். மே முதல் வாரத்தில் பதிவு தொடங்கினால் சுமார் ஒரு மாதம் திறந்திருக்கும், அந்த மாதம் முழுக்க தாலுகா அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் கூட்டம்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று படியேறி வர வேண்டியவை. இதில் யாராவது ஒருவர் விடுப்பில் போனால் பத்து நாள் போய்விடும்.

பெயர் விஷயத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும். அதில் இனிஷியல் பின்னால் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா, அப்பா பெயரின் ஆங்கில எழுத்துகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, சாதிச் சான்றிதழையும் ஆதாரையும் அதோடு வைத்து ஒரு தடவை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட சரிபார்ப்பவர் விளக்கம் கேட்கலாம். மார்ச்சில் கண்டுபிடித்தால் நிதானமாகத் திருத்தலாம்.

இங்கே ஒரு குழப்பம் ஆண்டு தவறாமல் வரும். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் வேறு, மத்திய அரசு வடிவத்தில் வரும் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. டி.என்.இ.ஏ.வுக்கு மாநிலச் சான்றிதழ் வேண்டும். ஜே.இ.இ. எழுதி என்.ஐ.டி.க்கு முயற்சி செய்கிற பிள்ளைக்கு, கிரீமி லேயரில், அதாவது வசதி மிக்க பிரிவில், வரவில்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இரண்டு வழியும் திறந்து வைத்திருக்கும் வீடுகள் இரண்டையும் தனித்தனியாக வாங்கி வைப்பது நல்லது. தமிழ்நாட்டில் பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிமுக்கு 3.5, எம்.பி.சி., சீர்மரபினருக்கு 20, எஸ்.சி.க்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்.டி.க்கு 1 என்று 69 சதவீதம் இடஒதுக்கீடு. சாதிச் சான்றிதழை ஒழுங்காகப் பதிவேற்றாவிட்டால் மிச்சமுள்ள 31 சதவீதப் பொதுப் போட்டியில் மட்டும் நிற்க நேரும்.

முதல் பட்டதாரிச் சலுகை கேட்பவர்கள் தாத்தா பாட்டியில் தொடங்கி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா வரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று காட்ட வேண்டும். அண்ணன் இந்தச் சலுகையில் படித்துவிட்டால் தம்பிக்குக் கிடையாது. சான்றிதழோடு மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். சான்றிதழை ஏற்றிவிட்டுப் படிவத்தை மறப்பவர்கள் நிறைய.

எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. இடையில் ஓராண்டு பெங்களூரிலோ துபாயிலோ படித்திருந்தால் தேவைப்படும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, பொறியியலில் 2021 முதல். அந்த ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே செலுத்துகிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பல பெற்றோருக்குப் பிள்ளை படித்தது எந்த வகைப் பள்ளி என்பதே விண்ணப்பத்தின்போதுதான் தெரியவரும்; தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி. பிரிவினருக்கு 250. பதிவு செய்யும்போது கொடுக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும்தான் முழுக் கலந்தாய்வுக்கும் சாவி. ஓடிபி அதற்குத்தான் வரும். பிரவுசிங் சென்டரில் பதிவு செய்யும்போது அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார். அப்புறம் "சாதிச் சான்றிதழ் தெளிவாக இல்லை, மறுபடி ஏற்றவும்" என்ற செய்தி அவர் போனில் நாற்பது பிள்ளைகளின் செய்திகளோடு கலந்து கிடக்கும், நாம் எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டில் இருப்போம். பெற்றோரில் ஒருவர் எண்ணைக் கொடுங்கள், செப்டம்பர் வரை அந்த சிம்மை மாற்ற வேண்டாம், ரீசார்ஜ் தீர்ந்துபோகவும் விடாதீர்கள். கணினி வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டந்தோறும் டி.எஃப்.சி. என்ற சேவை மையங்கள் இருக்கின்றன, பதிவு முதல் சாய்ஸ் கொடுப்பது வரை அங்கே செய்யலாம். சான்றிதழை மேஜை மீது வைத்து, மேலே தலை நிழல் விழப் போட்டோ எடுத்து ஏற்றுவதைவிட, ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து பென் டிரைவில் வாங்கி வருவது மேல்.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் எல்லாரும் ரேங்கைப் பார்ப்பார்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கிற சாதிப் பிரிவு, முதல் பட்டதாரி, 7.5 சதவீதம் ஆகிய குறிப்புகளைப் பார்க்க மாட்டார்கள். தவறு இருந்தால் முறையிட சில நாட்கள்தான் தருவார்கள், சேவை மையத்தில். அதைத் தாண்டிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

இனி முக்கியமான வேலை. போன வருடம் இந்தக் கல்லூரியில் இந்தப் பாடப்பிரிவு எந்த இடத்தில் முடிந்தது, அதாவது கடைசியாக இடம் வாங்கியவரின் கட்-ஆஃபும் ரேங்கும் எவ்வளவு என்ற விவரம் டி.என்.இ.ஏ. தளத்திலேயே கிடைக்கும். அதில் கட்-ஆஃபை விட்டுவிட்டு ரேங்கைப் பாருங்கள். கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் எண்ணிக்கை ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும். கூடிய வருடத்தில் அதே 180.5 சில ஆயிரம் இடம் பின்னால் போய்விடும். "போன வருஷம் 179-க்கு கிடைச்சுதே" என்று நம்பி ஏமாறுவது இதனால்தான். சீட்டு எண்ணிக்கை பெரிதாக மாறாத கல்லூரியில் ரேங்க் ஓரளவு நம்பத்தகுந்தது.

ரேங்கிலும் இரண்டு இருக்கின்றன: பொது ரேங்க், சாதிப் பிரிவு ரேங்க். ஒதுக்கீடு செய்யும்போது கணினி முதலில் பொதுப் பிரிவு இடம் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் பிள்ளையின் சாதிப் பிரிவு இடத்தைப் பார்க்கும். ஆகவே எம்.பி.சி. மாணவர் ஓ.சி. என்ற பொதுப் பிரிவுப் பத்தியையும் பார்க்க வேண்டும், எம்.பி.சி. பத்தியையும் பார்க்க வேண்டும்.

பிள்ளையின் ரேங்க் 28,400 என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் 14,000-த்தில் முடிந்த இடங்களிலிருந்து 55,000 வரை முடிந்த இடங்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், அல்லது எக்செல்லில் போடுங்கள். கல்லூரிக் குறியீட்டு எண், பெயர், பிரிவுக் குறியீடு, முடிந்த ரேங்க், வீட்டிலிருந்து தூரம், விடுதியா பஸ்ஸா. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம், உச்சவரம்பு கிடையாது. எழுபது எண்பது வரி வரட்டும். ரேங்க் வரிசைப்படி மூன்று சுற்றாக நடக்கும் கலந்தாய்வில், இருபது கொடுத்துவிட்டு முதல் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் நிற்பதற்கு, எண்பது எழுதிக் கை வலிப்பது பரவாயில்லை. கல்லூரிகள் நானூறுக்கும் மேல், பட்டியல் நீள்வதில் வியப்பில்லை.

பிறகு அந்த எக்செல்லில் ரேங்க் பத்தியை மறைத்துவிடுங்கள். மறைத்துவிட்டுப் பிள்ளையை உட்காரவைத்து, இரண்டு இரண்டு வரியாகக் கேளுங்கள்: "இந்த ரெண்டும் கிடைச்சா எதில் சேருவே?" பதில் வந்த வரி மேலே போகும். எண்பது வரியையும் இப்படி ஒரே நாளில் செய்ய முடியாது, இரண்டு மூன்று சாயங்காலம் பிடிக்கும். ரேங்க் பத்தி கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் கை தானாக அதன் வரிசைக்குப் போய்விடும், பட்டியல் போன வருடத்துப் பிள்ளைகளின் ஆசைப் பட்டியலாக மாறிவிடும்.

ஏன் இந்த வரிசை முக்கியம் என்பதை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். அதே 28,400 ரேங்க். மூன்று வரிப் பட்டியல். பிள்ளைக்குப் பிடித்தது ஒரு பழைய அரசுப் பொறியியல் கல்லூரியின் ஈ.சி.இ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்); அது போன வருடம் 24,000-த்தில் முடிந்தது. அடுத்து ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் ஐ.டி., 31,000. மூன்றாவது, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் மெக்கானிக்கல், 52,000. "24,000-த்துல முடிஞ்சது உனக்கு எப்படிடா கிடைக்கும்? கிடைக்கிறதை மேல போடு" என்று அப்பா பட்டியலைத் தலைகீழாக்கிவிட்டார்.

கணினி 28,400-ஆம் ஆளின் முறை வந்ததும் முதல் வரியைப் பார்க்கிறது. மெக்கானிக்கல், இடம் இருக்கிறது, கொடுத்துவிட்டது. வேலை முடிந்தது. இரண்டாம், மூன்றாம் வரிகளை அது திறந்துகூடப் பார்க்காது. அந்த வருடம் பலர் வேறு பக்கம் போனதால் ஈ.சி.இ. 29,000 வரை இறங்கியிருந்தாலும் இந்தப் பிள்ளைக்கு அது தெரியப்போவதில்லை.

ஈ.சி.இ. முதலில் இருந்திருந்தால்? இடம் இருந்தால் கிடைத்திருக்கும். இல்லாவிட்டால் கணினி அடுத்த வரிக்குப் போகும், அடுத்ததுக்குப் போகும். மெக்கானிக்கல் எங்கேயும் ஓடிவிடாது, ஏனென்றால் அது அப்போதும் அதே 28,400 ரேங்குக்குத்தான் தரப்படுகிறது. மூன்றாவது வரியில் கேட்டதால் நமக்குப் பின்னால் இருப்பவருக்கு அது முதலில் போய்விடாது. கிடைக்காத இடத்தை மேலே எழுதுவதால் எந்த நஷ்டமும் இல்லை. இதை அப்பாக்களுக்குப் புரியவைப்பது சிரமம், ஏனென்றால் ரேஷன் கடை முதல் ரயில் டிக்கெட் வரை வாழ்க்கையில் எல்லா வரிசையும் வேறு மாதிரி வேலை செய்கிறது.

குறியீட்டு எண்களில் கவனம் வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரி 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி 2005, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 2006, மதுரை தியாகராசர் 5008. பெயரை மட்டும் பார்த்தால் ஒரே நிர்வாகத்தின் இரண்டு கல்லூரிகள் ஒன்று போலத் தெரியும். பீளமேட்டில் இருப்பதும் நீலாம்பூரில் இருப்பதும் பி.எஸ்.ஜி.தான், ஆனால் இரண்டும் வேறு கல்லூரிகள், குறியீடும் வேறு. பிரிவுக் குறியீட்டிலும் இதே கதை. சிவில், மெக்கானிக்கல் இரண்டும் 2010-இலிருந்து தமிழ் வழியிலும் இருக்கின்றன, அவற்றுக்கு எக்ஸ்.சி., எக்ஸ்.எம். என்று தனிக் குறியீடு. எஸ்.எஸ். என்று பின்னால் ஒட்டியிருந்தால் அது சுயநிதிப் பிரிவு. கல்லூரி அதேதான், கட்டணம் கூடுதல். தமிழ் வழி வேண்டும் என்று எழுதுவது நல்ல முடிவாகவே இருக்கலாம், தெரியாமல் எழுதுவதுதான் பிரச்சினை.

கல்லூரிகளை எப்படி எடைபோடுவது என்பதற்கு நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். என் பார்வையில் மூன்று விஷயம் உருப்படியானவை. முதலாவது, அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது. அதில் ஒரு பொறி இருக்கிறது: தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் எடுத்துத் தாங்களே திருத்துகின்றன, அவற்றின் 90 சதவீதத்தையும் இணைப்புக் கல்லூரியின் 60 சதவீதத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இணைப்புக் கல்லூரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அது உதவும். இரண்டாவது, அங்கீகாரம். நாக் முழுக் கல்லூரிக்கும் தருவது, என்.பி.ஏ. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. "என்.பி.ஏ. பெற்ற கல்லூரி" என்று வாசலில் பலகை இருந்தால், எந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று கேளுங்கள்.

மூன்றாவது, வேலைவாய்ப்புக் கணக்கு. விளம்பரத்தில் 45 லட்சம் என்று சிரிக்கும் ஒரு பையனின் படம் இருக்கும். அவனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்தப் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் பிளேஸ்மென்ட்டுக்குப் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்குச் சம்பளம் எவ்வளவு, இந்த நான்கையும் கேளுங்கள். ஒரே மாணவருக்கு மூன்று நிறுவனம் வேலை தந்தால் மூன்று என்று எண்ணும் கல்லூரிகள் உண்டு. செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்று போன வருடம் தொடங்கிய பிரிவிலிருந்து இன்னும் ஒரு பேட்ச்கூட வெளியே வந்திருக்காது. அங்கே காட்டப்படும் புள்ளிவிவரம் மற்ற பிரிவுகளுடையது. பிரிவின் பெயர் புதியது என்பதற்காக மயங்காதீர்கள், அதை நடத்த ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். 2024-இல் ஒரே பேராசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது வெளியே வந்து பெரிய செய்தியானது நினைவிருக்கலாம். கல்லூரியைப் பார்க்கப் போனால் அட்மிஷன் அறையோடு திரும்பாதீர்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள். "எத்தனை சார் பாதி செமஸ்டரில் போய்ட்டாங்க?" என்ற ஒரு கேள்வி போதும்.

பணத்தையும் பட்டியல் போடும்போதே பேசிவிட வேண்டும். 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. அந்தந்த ஆண்டுக்கு எவ்வளவு என்பதைத் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் விடுதியும் பஸ்ஸும் அடங்காது, அந்த இரண்டும் சேர்ந்து சில இடங்களில் கல்விக் கட்டணத்தையே தாண்டிவிடும். சேர்க்கை முடிந்த பிறகு "அவ்வளவு கட்ட முடியாதும்மா" என்று சொல்வதைவிட, வருடத்துக்கு இவ்வளவுதான் முடியும் என்று பட்டியல் போடும் முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடலாம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

உங்கள் சுற்று வரும்போது சாய்ஸ் கொடுக்க மூன்று நாள். நோட்டில் எழுதியதை முதல் நாளே ஏற்றிவிடுங்கள், இரண்டாம் நாள் பிரிண்ட் எடுத்து ஒருவர் படிக்க ஒருவர் குறியீட்டைச் சரிபார்க்க வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் சர்வர் தள்ளாடும். அப்போது ஏற்றிக்கொண்டிருந்தால் நாற்பதாவது வரியோடு நேரம் முடிந்துவிடும். முன்னால் சொன்ன "தெரிஞ்சவர்" தலைகாட்டும் நேரமும் இதுவே. "நானே ஃபில் பண்ணித் தர்றேன், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்பார். ஏதோ ஒரு கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் அவருக்குக் காசு, அந்தக் கல்லூரி உங்கள் பட்டியலின் முதல் வரிக்கு வந்துவிடும். முதல் வரியில் இருந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். கடைசி நிமிடம் வரை பட்டியலைத் திறந்து பாருங்கள், கடவுச்சொல்லை ஒரு தடவை மாற்றியும் வையுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் இருந்தால் இடம் போய்விடும், "கிடைச்சாச்சு" என்று இனிப்பு கொடுத்துவிட்டு உறுதி செய்ய மறந்தவர்களும் உண்டு. கிடைத்தது போதும் என்றால் அக்செப்ட் அண்ட் ஜாயின். குறித்த நாளுக்குள் கல்லூரிக்கு நேரில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இதை வைத்துக்கொண்டு மேலே எதாவது காலியானால் போகிறேன் என்றால் அக்செப்ட் அண்ட் அப்வர்ட். சேவை மையத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டிக்லைன் அண்ட் அப்வர்ட் என்பது இதை வேண்டாம் என்று விட்டுவிட்டு மேலே மட்டும் பார்ப்பது. மேலே எதுவும் காலியாகாவிட்டால் கையில் இருந்ததும் போய், அடுத்த சுற்றில் மிச்சம் மீதியில்தான் தேட வேண்டியிருக்கும். கிடைத்த இடத்தில் சேர்வதைவிட வீட்டில் இருப்பதே மேல் என்று நினைக்கும் அளவுக்கு அது பிடிக்காவிட்டால் தவிர இதைத் தொட வேண்டாம்.

அப்வர்ட் என்றால் நம் பட்டியலில் கிடைத்த வரிக்கு மேலே உள்ள வரிகள் மட்டுமே. ஏழாவது வரி கிடைத்தது என்றால் ஒன்று முதல் ஆறு வரை. எட்டாவது வரியில் இருப்பது இப்போது நல்லதாகத் தோன்றினாலும் பயனில்லை. மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே என்று மனமில்லாமல் நான்காவது வரியில் எழுதிய கல்லூரிதான் அப்வர்டில் வந்து நிற்கும். தலைகீழாக எழுதிய அப்பாவின் பட்டியலில் முதல் வரியே கிடைத்ததால் அப்வர்ட் கேட்கவே இடமில்லை.

சேரப் போகும் நாளில் ஒதுக்கீட்டு ஆணை, அசல் சான்றிதழ்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து நகல், போட்டோ, முதல் பட்டதாரிக்கு உறுதிமொழிப் படிவம். டி.சி.யைக் கொடுக்கும் முன் நகல் எடுத்துவிடுங்கள், ஸ்காலர்ஷிப் விண்ணப்பங்களில் கேட்பார்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதே யு.ஜி.சி. விதி, 2018-இலிருந்து. நான்கு வருடமும் வைத்துக்கொள்வோம் என்றால் எழுத்தில் கேளுங்கள்; பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். கட்டணத்தோடு சேர்த்து வேறு பெயரில் ஏதாவது வாங்கினால் ரசீதில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வரும். ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்கிறதா என்று சேர்ந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

மூன்று சுற்றிலும் இடம் கிடைக்காதவர்களும், ஒரு பாடத்தில் தவறித் துணைத் தேர்வில் தேறியவர்களும் துணைக் கலந்தாய்வுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய பதிவு தானாகத் தொடராது. அதற்கான அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையில் அதிக நாள் இருக்காது, ஆகவே அந்த சிம்மை இன்னும் கழற்ற வேண்டாம்.